லைசோசோம் ஏன் தன்னையே செரித்துக்கொள்வதில்லை?

#1 இளவேனில்

கல்லூரியில் முதலாண்டு உயிரியல் படிக்கிறேன். செல் நுண்ணுறுப்புகளுக்கு எங்கள் புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் ஒரே வரியில் வேலை. மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், ரைபோசோம் புரதத் தொழிற்சாலை, லைசோசோம் தற்கொலைப் பை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாயிற்று. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

புரதம், கொழுப்பு, சர்க்கரை, நியூக்ளிக் அமிலம் என்று எது கிடைத்தாலும் சிதைக்கும் நொதிகள் லைசோசோமுக்குள் இருக்கின்றன என்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனதுதானே? அப்படியென்றால் முதலில் கரைய வேண்டியது அந்தச் சவ்வுதான். ஏன் கரைவதில்லை? ஒரு லைசோசோம் உடைந்துவிட்டால் செல் செத்துவிடுமா?

#2 கணக்குப்பிள்ளை

நான் பொறியாளன், உயிரியலை வெளியிலிருந்து வேடிக்கை பார்ப்பவன். அந்த நொதிகள் அமிலத்தில்தான் வேலை செய்யும் என்று படித்திருக்கிறேன். உடைந்து வெளியே வந்தாலும் ஆபத்து இருக்காது என்பது என் ஊகம். ஆனால் சவ்வின் உட்பக்கம் அமிலத்தில்தானே நனைந்துகொண்டிருக்கிறது? அதற்கு என்ன பதில் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

#3 கண்ணாடித்தட்டு

செல் உயிரியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கணக்குப்பிள்ளை சொன்னது பாதி விடை. லைசோசோமின் உட்புற பிஎச் 4.5 முதல் 5 வரை இருக்கும். வெளியே, செல்லை நிரப்பியிருக்கும் திரவமான சைட்டோசாலில் ஏறத்தாழ 7.2. பிஎச் மடக்கை அளவு என்பதால், புரோட்டான் செறிவில் இது சில நூறு மடங்கு வித்தியாசம். உள்ளே இருக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் அந்த அமிலத்துக்கென்றே அமைந்தவை. சைட்டோசாலுக்குள் கசிந்தால் பெரும்பாலானவை மந்தமாகிவிடும். போதாததற்கு, கேதெப்சின் என்ற புரதம் வெட்டும் நொதிகளை அடக்கிவைக்க சிஸ்டாட்டின் என்ற தடுப்புப் புரதங்களும் அங்கே காத்திருக்கின்றன. ஆகவே ஒன்றிரண்டு லைசோசோம் கசிந்ததால் செல் சாவதில்லை.

சவ்வு ஏன் கரைவதில்லை என்பதற்கு விடை சவ்வின் உட்பக்கத்தில் இருக்கிறது. அங்கே லேம்ப்-1, லேம்ப்-2 என்ற புரதங்கள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின் உட்புறப் பகுதி முழுக்கச் சர்க்கரைச் சங்கிலிகள் முளைத்துக் கிடக்கும். நொதி வந்து கடிப்பதற்குப் புரதத்தின் சதை எளிதில் அகப்படாது. செரிக்கப்பட வேண்டிய சவ்வுகளைச் செல் வேறு வழியில் பிரித்துவிடுகிறது. அவை சிறு குமிழ்களாகி லைசோசோமின் உள்வெளியில் மிதக்கின்றன. அந்தக் குமிழ்களில் மட்டும் செறிந்திருக்கும் ஒரு தனிவகைக் கொழுப்பு, சிதைக்கும் நொதிகளைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. அமிலம் ஒன்றுதான், நொதியும் ஒன்றுதான். இருந்தும் வேலி தப்புகிறது, மிதப்பது கரைகிறது.

வேலியும் கிழியத்தான் செய்யும். சிறு கிழிசலென்றால் எஸ்கார்ட் என்ற புரதக் கூட்டம் வந்து மூடிவிடும். மூட முடியாத அளவுக்குப் போனால் அந்த லைசோசோமையே வேறொரு சவ்வு சுற்றி வளைத்து, நல்ல நிலையில் இருக்கும் இன்னொரு லைசோசோமிடம் ஒப்படைத்துவிடும்.

இதைக் கண்டுபிடித்த விதமே உங்கள் கேள்விக்கு ஒரு விடைதான். பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவ் எலியின் கல்லீரலை அரைத்து, இன்சுலின் தொடர்பான வேறொரு நொதியைத் தேடிக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக அமில பாஸ்படேஸ் என்ற நொதியையும் அளந்தார். முரட்டுத்தனமாக அரைத்தபோது கிடைத்த அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான், மென்மையாக அரைத்த கலவையில் தென்பட்டது. அதைத் தூக்கி எறியாமல் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாள் கழித்து மறுபடி அளந்தார். நொதியின் செயல் ஏறியிருந்தது! புதிதாக நொதி எதுவும் உருவாகவில்லை. ஏதோ ஒரு சவ்வுக்குப் பின்னால் அடைபட்டிருந்தது, சவ்வு தளர்ந்ததும் வெளிப்பட்டது. 1955இல் அந்த உறைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். நுண்ணோக்கியில் யாரும் அடையாளம் காணும் முன்பே, கணக்கு ஒத்துவராததை வைத்து ஒரு நுண்ணுறுப்பைப் பிடித்தார். 1974இல் ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலேட் ஆகியோருடன் நோபல் பரிசு வாங்கினார்.

#4 மருத்துவர் வளவன்

ஒன்றிரண்டு கசிந்தால் சாகாது என்பது சரி. ஆனால் கூட்டமாக உடைந்தால் கதை வேறு. சிலிக்கா தூசியை மூச்சில் இழுக்கும் தொழிலாளர்களைப் பாருங்கள். நுரையீரலில் அந்நியப் பொருளை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் அந்தப் படிகத்தை விழுங்கி லைசோசோமுக்கு அனுப்பும். சிலிக்காவைச் செரிக்க எந்த நொதியாலும் முடியாது. படிகம் சவ்வைச் சிதைக்கிறது, கேதெப்சின் வெளியே கொட்டுகிறது, செல் அழற்சிச் சமிக்ஞை எழுப்பிவிட்டு மடிகிறது. அது விட்டுப்போன அதே படிகத்தை அடுத்த செல் விழுங்கும். சிலிக்கோசிஸ் நோயில் தூசியிலிருந்து விலகி வந்த பிறகும் நுரையீரல் தழும்பேறிக்கொண்டே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குளோரோகுயின் மாத்திரையும் லைசோசோமில்தான் போய்த் தேங்கும். அது வலுவற்ற காரம். மின்னேற்றமில்லாமல் சவ்வைக் கடந்து உள்ளே போகும், போனதும் புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும், பிறகு வெளியே வர முடியாது. உள்ளே பிஎச் ஏறும், நொதிகள் சுணங்கும்.

#5 இளவேனில்

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் தற்கொலைப் பை என்று ஏன் சொல்கிறார்கள்? செல் தானாகச் சாக முடிவெடுத்தால் அதை நிறைவேற்றுவது யார்? இன்னொன்றும் கேட்க வேண்டும். இவ்வளவு ஆபத்தான நொதிகள் லைசோசோமுக்குப் போய்ச் சேரும் வழியில் எதையும் கடிப்பதில்லையா?

#6 கண்ணாடித்தட்டு

தற்கொலைப் பை என்பது டி டூவே ஆரம்ப காலத்தில் பயன்படுத்திய தொடர். அன்றைய ஊகமாக அது நியாயமானது. இன்றைக்கும் அட்டவணையில் அது மட்டுமே இருப்பதுதான் எனக்கு எரிச்சல். லைசோசோமின் அன்றாட வேலை பழுதான உறுப்புகளைப் பிரித்துத் துணுக்குகளைத் திருப்பித் தருவது. பட்டினியில் இது தீவிரமாகும். ஈஸ்ட் செல்லைப் பட்டினி போட்டு, அதில் லைசோசோமின் வேலையைப் பார்க்கும் வாக்குவோல் என்ற பைக்குள் பொட்டலங்கள் சேர்வதைப் பார்த்து, அதற்கான ஜீன்களைப் பிடித்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது. சாவதற்காக நடப்பதல்ல அது, பிழைப்பதற்காக நடப்பது. அதோடு, செல்லுக்கு அமினோ அமிலம் போதுமான அளவு இருக்கிறதா என்று கணித்து வளர்ச்சியை முடுக்கும் எம்டார் என்ற புரதக் கூட்டம் வந்து உட்காரும் இடமும் லைசோசோமின் வெளிப்பரப்புதான்.

திட்டமிட்ட செல் இறப்பில் கொலையாளி பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா. அதன் இரு சவ்வுகளுக்கு இடையில் சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம் இருக்கிறது. அங்கே இருக்கும் வரை எலக்ட்ரானைச் சுமந்து ஆற்றல் உற்பத்திக்கு உதவும். வெளிச்சவ்வில் துளை விழுந்து சைட்டோசாலுக்குள் வந்துவிட்டால் அதே புரதம், புரதங்களை வெட்டும் காஸ்பேஸ் நொதிகளைக் கிளப்பிவிட்டுச் செல்லை ஒழுங்காகக் கலைத்துவிடும். 1996இல் ஷியாடோங் வாங்கின் ஆய்வகம் இதைக் காட்டியபோது பலர் நம்பத் தயங்கினார்கள். ஆற்றல் நிலையத்தின் பணியாளே தூக்கிலிடுபவன் என்றால் யார்தான் உடனே ஒப்புக்கொள்வார்கள்?

இரண்டாவது கேள்விக்கு: நொதிகள் பிறக்கும்போதே முடமாகப் பிறக்கின்றன. சொரசொரப்பான எண்டோபிளாச வலைப்பின்னலின் மேல் ஒட்டியிருக்கும் ரைபோசோம் அவற்றைக் கோக்கும்போது முன்னால் ஒரு கூடுதல் துண்டு இருக்கும். கேதெப்சினின் வெட்டும் வாயை அந்தத் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும். வலைப்பின்னலில் பிஎச் ஏறத்தாழ நடுநிலை. கோல்கை அடுக்குகளைக் கடக்கக் கடக்கக் குறைந்து கடைசி அடுக்கில் 6 அளவாகிறது. லைசோசோமுக்குள் விழுந்த பிறகுதான், அந்த அமிலத்தில் முன்துண்டு வெட்டுப்பட்டு நொதி விழிக்கிறது.

#7 மருத்துவர் வளவன்

கோல்கையின் பங்கை அட்டவணைகள் “பொதித்தல், அனுப்புதல்” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடும். அனுப்பும் வேலை தவறினால் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் அதன் கனம் புரியும்.

லைசோசோம் நொதிகளின் சர்க்கரைச் சங்கிலியில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற குறி ஒன்றைக் கோல்கை பதிக்கிறது. முகவரிச் சீட்டு மாதிரி. கோல்கையின் கடைசி அடுக்கில் இருக்கும் ஏற்பி அந்தக் குறியைப் பிடித்து நொதியைச் சரியான குமிழில் ஏற்றிவிடும். ஐ-செல் நோய் என்று ஓர் அரிய பிறவிக் குறைபாடு இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் செல்கள் நொதிகளை நன்றாகவே தயாரிக்கின்றன. குறியைப் பதிக்கும் நொதி மட்டும் இல்லை. விளைவு, பெரும்பாலான நொதிகள் செல்லை விட்டு இரத்தத்துக்குப் போய்விடுகின்றன. இரத்தத்தில் அளந்தால் அளவுக்கு மேல், லைசோசோமுக்குள் பார்த்தால் வறட்சி. செரிக்கப்படாத குப்பை செல்லுக்குள் உருண்டைகளாகத் திரண்டு நிற்கும்.

குறி எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்பதற்குப் பின்னால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. 1968இல் எலிசபெத் நியூஃபெல்டின் குழு, லைசோசோம் நொதி ஒன்று குறைந்த ஹர்லர் நோயாளி ஒருவரின் தோல் செல்களையும் அதே வகையைச் சேர்ந்த ஹன்டர் நோயாளி ஒருவரின் தோல் செல்களையும் ஒரே தட்டில் வளர்த்தது. தனித்தனியாக வளர்த்தால் இரண்டிலும் குப்பை சேரும். சேர்த்து வளர்த்தபோது இரண்டுமே தேறின! ஒவ்வொன்றிலும் குறைந்த நொதி வேறு. ஒன்று வெளியே கசியவிட்டதை மற்றொன்று உறிஞ்சித் தன் லைசோசோமுக்குச் சேர்த்துக்கொண்டது. வெளியிலிருந்து கொடுத்தாலும் நொதி சரியான உறைக்குப் போய்ச் சேரும் என்றால், ஊசியிலும் கொடுக்கலாமே? இந்தத் தடத்தில் வந்ததுதான் நொதி மாற்றுச் சிகிச்சை. இன்னொரு லைசோசோம் நொதிக் குறைபாடான காஷே நோய்க்கான முதல் மருந்துக்கு அமெரிக்காவில் 1991இல் அனுமதி கிடைத்தது. அதில் நொதியின் சர்க்கரைச் சங்கிலியைச் செதுக்கி, மேக்ரோபேஜ் செல்கள் பிடித்துக்கொள்ளும்படி மேனோஸை வெளியே தெரியவைத்தார்கள்.

#8 கணக்குப்பிள்ளை

இந்த அமிலத்தைத் தக்கவைக்க புரோட்டானை உள்ளே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குச் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாகும். வரவு எவ்வளவு என்று பார்க்கப் போனேன். ஒரு குளுக்கோஸை எரித்தால் 38 ஏடிபி என்கிறது ஒரு புத்தகம், 36 என்கிறது இன்னொன்று, 30 முதல் 32 என்கிறது மற்றொன்று. எந்தக் கணக்குப் புத்தகத்தையாவது இப்படி மூன்று விடையோடு அச்சிடுவார்களா?

#9 பழைய பாடம்

பல்லாண்டு ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன். தேர்வில் 38 என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பிள்ளைகளைக் குழப்பாதீர்கள். பின்னத்தையெல்லாம் பட்டப்படிப்பில் பார்த்துக்கொள்ளலாம்.

#10 கண்ணாடித்தட்டு

பழைய பாடம் ஐயா, வணக்கம். இங்கே கேட்பவர் பட்டப்படிப்பில்தான் இருக்கிறார். ஆகவே பின்னத்தையே பார்ப்போம்.

38 எப்படி வந்தது? ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறுகளாக 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2, நேரடியாக 4 ஏடிபி கிடைக்கும். என்ஏடிஎச்சுக்கு 3, எஃப்ஏடிஎச்2வுக்கு 2 என்று வைத்தால் 30, 4, 4. கூட்டினால் 38. அந்த 3, 2 என்ற முழு எண்கள், ஒவ்வொரு என்ஏடிஎச்சும் ஏடிபியோடு வேதிமுறையில் நேராகப் பிணைந்திருக்கிறது என்று எண்ணிய காலத்தவை.

1961இல் பீட்டர் மிட்செல் அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கினார். எலக்ட்ரான் ஓட்டம் செய்வதெல்லாம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டானைத் தள்ளுவதுதான், அது திரும்பி விழும் விசையில்தான் ஏடிபி உண்டாகிறது என்றார். கேலிக்கு ஆளானார், 1978இல் நோபலும் வாங்கினார். இந்தக் கணக்கில் முழு எண்ணுக்குக் கட்டாயம் இல்லை. ஒரு என்ஏடிஎச் 10 புரோட்டானைத் தள்ளுகிறது, எஃப்ஏடிஎச்2 வழியாக 6. ஓர் ஏடிபியை உண்டாக்கி வெளியே அனுப்ப ஏறத்தாழ 4 புரோட்டான் செலவு. 10ஐ 4ஆல் வகுத்தால் 2.5, 6ஐ 4ஆல் வகுத்தால் 1.5. ஆக 25, 3, 4. கூட்டினால் 32. சைட்டோசாலில் உண்டான 2 என்ஏடிஎச் எந்த வழியாக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எலக்ட்ரானைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து 30 ஆகக் குறையலாம். சவ்வில் புரோட்டான் கசிவும் உண்டு, ஆகவே உயிருள்ள செல்லில் இன்னும் குறையும்.

#11 கணக்குப்பிள்ளை

இது எனக்குப் புரிகிற மொழி. உட்சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே மின்னழுத்தம் ஏறத்தாழ 160 மில்லிவோல்ட் என்று பார்த்தேன். அற்பமாகத் தெரிகிறது. ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான். வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட்டுக்கு மேல் வருகிறது! காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். அதைப்போல் பத்து மடங்கைச் சோப்புப் படலம்போல் மெல்லிய கொழுப்புத்தாள் தாங்கி நிற்கிறது. ஆற்றல் நிலையம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு இதை ஏன் மறைக்கிறார்கள்?

#12 கண்ணாடித்தட்டு

இன்னும் ஒன்று பாருங்கள். அந்தப் புரோட்டான் வழியாக விழும் நொதி, ஏடிபியை உண்டாக்கும் ஏடிபி சிந்தேஸ், நிஜமாகவே சுழல்கிறது. 1997இல் ஜப்பானியக் குழுவொன்று அதன் தலைப்பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, நடுத்தண்டில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றைக் கோத்து, ஏடிபியை ஊற்றிப் பார்த்தது. நுண்ணோக்கியில் இழை ஒரே திசையில் சுற்றியது. ஏடிபியை மிகக் குறைத்துக் கொடுத்தபோது 120 பாகை நகர்ந்து நின்றது, மறுபடி 120 பாகை நகர்ந்து நின்றது. லைசோசோமில் அமிலம் சேர்க்கும் பம்ப்பும் இதே குடும்பம்தான். அது ஏடிபியைச் செலவழித்துச் சுழன்று புரோட்டானைத் தள்ளுகிறது, இது புரோட்டானை விழவிட்டுச் சுழன்று ஏடிபியை ஈட்டுகிறது.

#13 பழைய பாடம்

சுழலட்டும். விடைத்தாளில் 38தான் இருக்கிறது. அதைத் திருத்தும்வரை நான் அதையே சொல்லித்தருவேன்.

#14 செந்தாமரை

தாவரம் பக்கம் யாருமே வராதது வருத்தம். என் வகுப்பில் வருகிறவர்களில் பாதிப் பேர் “விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா, தாவரத்துக்குப் பசுங்கணிகம்” என்ற நினைப்போடு வருகிறார்கள். தாவரச் செல்லில் இரண்டும் உண்டு. வேரில் வெளிச்சம் ஏது? இரவில் இலைக்கு ஆற்றல் எங்கிருந்து வரும்? பகலில் பசுங்கணிகம் சேர்த்த சர்க்கரையை எரிப்பது மைட்டோகாண்ட்ரியாதான். பசுங்கணிகத்துக்குள்ளும் அதே புரோட்டான் வித்தைதான் நடக்கிறது, அதன் உள்ளே இருக்கும் தைலக்காய்டு சவ்வின் மீது.

தாவரத்தில் செரிக்கும் வேலையை வாக்குவோலும் பார்க்கிறது. முதிர்ந்த செல்லில் கனஅளவின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்ளும். தண்டு நிமிர்ந்து நிற்பதற்கான அழுத்தம், நிறமி, நஞ்சு, உப்பு, கழிவு எல்லாம் அதே பைக்குள்தான். எலுமிச்சையின் சாற்றுச் செல்லில் வாக்குவோலின் பிஎச் 2 அருகில் இறங்கிவிடும். லைசோசோமின் 4.5 அதன் முன்னால் வெறும் தண்ணீர். ஒரு நுண்ணுறுப்பு, ஒரு வேலை என்று கட்டம் போடுகிறவர்கள் இதை எந்தக் கட்டத்தில் அடைப்பார்கள்?

#15 இளவேனில்

செந்தாமரை அக்கா, ரைபோசோமுக்குச் சவ்வே இல்லையே. அதை நுண்ணுறுப்பு என்று சொல்லலாமா? எங்கள் விரிவுரையாளர் கூடாது என்கிறார், புத்தகம் சேர்த்திருக்கிறது.

#16 கண்ணாடித்தட்டு

அக்காவிடம் கேட்டதற்கு நான் குறுக்கிடுகிறேன். சவ்வு வேண்டும் என்பது ஒரு கட்சி, வேண்டாம் என்பது இன்னொரு கட்சி. உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலசுக்கும் சவ்வு கிடையாது. எண்ணெய்த் துளிபோல் தானாகத் திரண்டு நிற்கிறது. 2009இல் புழுவின் கருச்செல்லில் ஆர்என்ஏவும் புரதமும் திரண்ட பி-துகள்கள் ஒன்றோடொன்று கலந்து, சொட்டி, திரவமாக நடந்துகொள்வதைக் காட்டிய பிறகு சவ்வற்ற நுண்ணுறுப்புகள் என்றே ஒரு துறை வளர்ந்துவிட்டது. ரைபோசோமை நான் ஒரு பெரிய மூலக்கூற்று எந்திரமாகவே பார்க்கிறேன். தேர்வில் உங்கள் விரிவுரையாளர் சொன்னதை எழுதுங்கள்.

#17 மருத்துவர் வளவன்

ரைபோசோம் பேச்சு வந்ததால் ஒன்று. பாக்டீரியாவின் ரைபோசோமை மட்டும் முடக்கி நம்முடையதை விட்டுவிடுவதால்தான் பல நுண்ணுயிர்க்கொல்லிகள் நமக்குப் பயன்படுகின்றன. ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனி ரைபோசோம் இருக்கிறது, அதன் மூதாதை பாக்டீரியா. மைட்டோகாண்ட்ரியா ஒருகாலத்தில் விழுங்கப்பட்ட பாக்டீரியா என்று லின் மார்கூலிஸ் 1967இல் வாதிட்டதன் எச்சம் இது. மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ 16,569 கார இணைகள், 37 ஜீன்கள் கொண்டது. அதில் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கான ஒரு ஜீனில், 1555ஆம் இடத்தில், ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு அந்தப் பகுதி பாக்டீரியாவின் சாயலுக்கு இன்னும் நெருங்கிவிடுகிறது. அவர்களுக்கு ஜென்டாமைசின் வகை மருந்து கொடுத்தால் நிரந்தரமாகச் செவி போகலாம். இந்த மாற்றம் தாய்வழி வருவது. ஆகவே அந்த மருந்தை எழுதும் முன், தாயின் உறவினர் யாருக்காவது ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போனதா என்று கேட்பது நல்லது.

#18 செந்தாமரை

விழுங்கப்பட்ட பாக்டீரியா நுண்ணுறுப்பாவது பழங்கதை என்று நினைக்கிறவர்களுக்கு: 2024இல் புதிதாக ஒன்று பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கடலில் வாழும் பிராருடோஸ்பேரா பிகலோவி என்ற ஒருசெல் பாசிக்குள் நைட்ரஜனை நிலைப்படுத்தும் ஒரு சயனோபாக்டீரியா இருக்கிறது. 1998இல் ஜோனதன் ஸேர் அதன் டிஎன்ஏவை மட்டும் கடல்நீரில் கண்டார், ஆளைக் காணவில்லை. பாசியை ஆய்வகத்தில் வளர்த்தெடுக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பார்த்தால், அந்த பாக்டீரியா தனக்குத் தேவையான பல புரதங்களைப் பாசியின் ஜீன்களிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நைட்ரோபிளாஸ்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

#19 கணக்குப்பிள்ளை

புரதம் இறக்குமதியானால் நுண்ணுறுப்பு, இல்லையென்றால் விருந்தாளியா? இந்தக் கோட்டை யார் போட்டது? நைட்ரஜனை உடைக்க ஒரு மூலக்கூறுக்கு 16 ஏடிபி ஆகும் என்று படித்திருக்கிறேன். அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள்?

#20 செந்தாமரை

கோடு இயற்கை போட்டதல்ல, நாம் போட்டது. வேறு உயிரோடு கூட்டாக வாழும் சில சிம்பயான்ட் பாக்டீரியாக்களும் கொஞ்சம் புரதம் வாங்கிக்கொள்கின்றன, ஆகவே சர்ச்சை ஓயாது. ஆனால் இங்கே சாட்சி ஒன்றோடு நிற்கவில்லை.

செலவில் பெரும்பங்கு பாசியுடையது. அந்த சயனோபாக்டீரியா ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளியமைப்பைத் தொலைத்துவிட்டது, கார்பனை நிலைப்படுத்தும் ரூபிஸ்கோவைத் தொலைத்துவிட்டது, சிட்ரிக் அமிலச் சுழற்சியையும் தொலைத்துவிட்டது. தனக்கான சர்க்கரையைத் தானே உண்டாக்க வழியில்லை, பாசி கொடுத்தால்தான் உண்டு. பதிலுக்கு நைட்ரஜன் தருகிறது. இரண்டாம் ஒளியமைப்பு போனதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது: நைட்ரஜனை உடைக்கும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடுவது அந்த ஒளியமைப்புதான். பாசி பிரியும் முன் இது முதலில் இரண்டாகிறது, மகள் செல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போய்ச் சேர்கிறது.